ஷ்ரோடாவில் ஷ்ரோடாவன்று

லெஷெக் கோஜெராவுக்கு அவருடைய தங்கை மிர்கா நார்வேயிலிருந்து போன் செய்து, "அண்ணே, எனக்குக் கல்யாணம். ஷ்ரோடாவுல, ஷ்ரோடாவன்னிக்கு" என்றபோது அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னலோரம் படுத்திருந்த பூனை எழுந்து அலமாரி மேல் ஏறிவிட்டது.

எங்கள் போலிஷ் மொழியில் ஷ்ரோடா என்றால் புதன்கிழமை. ஷ்ரோடா என்று ஊரும் இருக்கிறது. எந்தக் காலத்திலோ புதன்தோறும் சந்தை கூடியதாம், பெயர் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, அந்த வருஷம் புதன்கிழமையில் விழுந்தது. ஆக, புதன்கிழமையில் புதன்கிழமை. சிரிக்க வேண்டிய விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சிரிக்கச் செலவழித்த மூச்சில் கொஞ்சத்தை "எந்த ஷ்ரோடா?" என்று கேட்கச் செலவழித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. போலந்தில் ஷ்ரோடாக்கள் இரண்டு. ஒன்று வ்ரோட்ஸ்வாஃப் நகரத்துப் பக்கம், மற்றது போஸ்னான் பக்கம். நடுவில் நூற்றெழுபது கிலோமீட்டர். லெஷெக் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை மிர்கா பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "மூணு மணிக்கு சர்ச். ரெண்டு மணிக்கு நான் ரெடியா உக்காந்திருப்பேன். நீ வந்து நெத்தியில சிலுவை போட்டு அனுப்பி வைக்கணும். அப்பா இல்லே, அம்மா இல்லே, நீதான் இருக்கே. இந்தத் தடவையாவது வா."

அந்த "இந்தத் தடவையாவது" லெஷெக்கின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு மிர்காவுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராதோம் நகரத்துக்காரன். எங்கள் கியெல்ட்ஸே ஊருக்கும் ராதோமுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் இரண்டு ஊரிலும் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் ஆகாது. பெற்றவர்கள் அதற்கு முன்பே போய்விட்டதால் கல்யாணப் பெண்ணை வீட்டிலிருந்து ஆசீர்வதித்து அனுப்ப வேண்டியவர் அண்ணன். அந்த அண்ணன், "ராதோம்காரன் தலை மேல என் கை படாது" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று தான் வேலை பார்த்த டவுன் பஸ் டிப்போவுக்குப் போய் எட்டாம் நம்பர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மிர்கா வெள்ளை உடுப்பில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். பிறகு முக்காட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நார்வேக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். அந்த ராதோம்காரன் பின்னாளில் உருப்படவில்லை என்பது வேறு விஷயம். அதைச் சொல்லி லெஷெக் தப்பித்துக்கொள்ள நான் விடப்போவதில்லை. அவர் மனைவி கிரஜீனாவும் விட்டதில்லை.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் வருஷத்துக்கு இரண்டு முறை போனில் பேசினார்கள். நார்வேயில் மழையா, கியெல்ட்ஸேயில் காற்றா, மீன் என்ன விலை. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அந்தக் கம்பி வழியே ஒருநாளும் போகவில்லை. இப்போது அவள் தன்னோடு வேலை பார்த்த இக்னாத்ஸி என்ற நல்ல மனுஷனை, அவனுடைய சொந்த ஊரில், கட்டிக்கொள்ளப் போகிறாள். லெஷெக் மூன்று வாரம் ஒரு பேச்சைத் தயார் செய்தார். கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு காலி இருக்கைகளைப் பார்த்துப் பேசிப் பழகினார். போய்ச் சேர வேண்டும், அதைச் சொல்ல வேண்டும், தங்கை நெற்றியில் சிலுவை போட வேண்டும். அந்த வருஷம் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். வெளியே மைனஸ் பதினொன்று. லெஷெக் ஸ்டியரிங்கில், பக்கத்தில் கிரஜீனா. பின்னால் கல்லூரியில் படிக்கும் மகள் கிங்காவும், கிரஜீனாவின் தம்பி ஜெனெக்கும். இரண்டு பேருக்கும் நடுவிலும், மேலும், கீழும் கல்யாணப் பரிசு: வாத்து இறகு அடைத்த இரட்டைப் போர்வை. அதை மடித்தால் மடிந்து நிற்காது. ஒருபக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும். கிங்காவின் மூக்கும் ஜெனெக்கின் தொப்பியும்தான் வெளியே தெரிந்தன. காரின் ஹீட்டருக்கு இரண்டே நிலைதான் உண்டு. அணைத்தால் உறையும், போட்டால் உள்ளே ரொட்டி சுடலாம்.

"அப்பா, அத்தை அனுப்பின அட்ரஸைப் போன்ல போடட்டுமா? அதுவே வழி சொல்லும்" என்றாள் கிங்கா.

"முப்பது வருஷமா பஸ் ஓட்டுறவனுக்குப் போன் வழி சொல்லணுமா? ஷ்ரோடா எனக்குத் தெரியாத ஊரா? பட்டாளத்துல இருந்தப்ப அந்த ஸ்டேஷன்ல ரெண்டு தடவை பீட்ரூட் சூப் குடிச்சிருக்கேன்."

"சூப் குடிச்சா வழி தெரிஞ்சிடுமா?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்" என்றது போர்வைக்குள்ளிருந்து ஜெனெக்கின் குரல். "எந்த ஊர்ல என்ன சாப்பிட்டார்னுதான் அவர் மேப்பே போட்டு வச்சிருக்கார்."

கிறிஸ்துமஸ் மிச்சம் மொத்தமும் காரில் இருந்தது. கசகசா கேக், ஊறுகாய் மீன், சலாட், முப்பது அவித்த முட்டை. முட்டை இல்லாமல் ஒரு போலந்துக் குடும்பம் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பயணம் போகாது. ஜெனெக் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தான். எங்கள் நாட்டில் நம்பர் பலகையின் முதல் எழுத்துகளைப் பார்த்தே வண்டி எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ராதோம் வண்டி கண்ணில் பட்டால் முதலில் பார்த்தவர் கத்த வேண்டும், லெஷெக் ஒரு முட்டையை உரித்துக் கொடுக்க வேண்டும்.

"ராதோம்!" என்று கத்தினாள் கிரஜீனா, சென்ஸ்டொஹோவா நகரத்துக்குள் நுழையும்போதே.

"அது லாரி. லாரி சேராது."

"சட்டத்துல லாரின்னு தனியா இருக்கா? உரி, மச்சான்" என்றான் ஜெனெக்.

சென்ஸ்டொஹோவாவில் மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் கிரஜீனா சிலுவை போட்டுக்கொண்டாள், அடுத்த நிமிஷமே பெட்ரோல் பங்க்கில் ஹாட் டாக் வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னாள். முப்பது முட்டை இருக்கும்போது எதற்கு என்று கேட்டதற்கு, பயணம் என்றால் பங்க் ஹாட் டாக் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் இடமாற்றம் என்றாள். ஓபோலே வந்தபோது ஜெனெக் ஏழு முட்டை ஜெயித்து, ஏழையும் தின்று, ஜன்னலைத் திறக்கச் சொல்லி எல்லாரும் அலறும் நிலைக்கு வந்துவிட்டான். திறந்தால் மைனஸ் பதினொன்று, மூடினால் ஜெனெக். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடந்தது. லெஷெக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இத்தனை முட்டையை உரித்தும் ராதோம்காரர்கள் மேல் கோபம் வராதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பேச்சு ஞாபகம் இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள் கிரஜீனா.

"எழுத்துக்கு எழுத்து."

வ்ரோட்ஸ்வாஃபைத் தாண்டி, பத்தே முக்காலுக்கு ஷ்ரோடா பலகை வந்தது. லெஷெக் ஹார்ன் அடித்தார். "ஷ்ரோடால ஷ்ரோடா!" என்று நான்கு பேரும் கத்தினார்கள். மிர்கா அனுப்பியது, "ஷ்ரோடா, தோட்டத் தெரு 7." தோட்டத் தெரு இல்லாத ஊர் போலந்தில் கிடையாது என்பதால் இந்த ஊரிலும் ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பச்சைக் கிளை வளைவு, பலூன், ரிப்பன் கட்டிய கார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் நாட்டில் மூன்று தெருவுக்கு ஒரு கல்யாணம் நடக்கும். வீட்டு எண்ணைப் பலூன்கள் மறைத்திருந்தன. உள்ளே அக்கார்டியன் வாசிக்கும் சத்தம் கேட்டது.

வாசலில் நின்ற பெரியம்மாள் ஒருத்தி, "சீக்கிரம் உள்ள போங்க, ஆசீர்வாதம் ஆரம்பிச்சாச்சு!" என்றாள்.

லெஷெக் வாட்சைக்கூடப் பார்க்கவில்லை. "நேரத்தை மாத்திட்டாங்க! மறுபடியும் லேட்டா வந்துட்டேன்!"

"லெஷெக், இரு, மூணு மணின்னுதானே..." என்று கிரஜீனா சொல்லி முடிப்பதற்குள் அவர் கோட்டு பறக்கப் படியேறிவிட்டார்.

மைனஸ் பதினொன்றிலிருந்து, நாற்பது பேர் மூச்சுவிட்டுக்கொண்டு சூப்பும் கொதிக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் மூக்குக் கண்ணாடிக்கு என்ன ஆகும்? பால் ஊற்றியதுபோல மூடிக்கொண்டது. துடைக்க நேரமில்லை. எதிரே வெள்ளையாக ஏதோ மண்டியிட்டிருந்தது, பக்கத்தில் கறுப்பாக ஏதோ மண்டியிட்டிருந்தது. அது போதும் அவருக்கு. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போனார். முன்னால் சிலுவையும் தீர்த்தக் கிண்ணமும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். "நன்றி சம்பந்தி" என்று சொல்லி இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் பெண்ணின் அப்பா. திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

லெஷெக் வெள்ளை முக்காட்டின் மேல் கை வைத்தார்.

"மிர்கா, குறுக்கே பேசாதே, பேசினா எனக்கு மறந்துடும். அன்னிக்கு எட்டாம் நம்பர் பஸ்ல ஒரு ஆள்கூட இல்லே. காலி பஸ்ஸைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். நம்ம வீட்டைத் தாண்டி மூணு தடவை போனேன். மூணு தடவையும் ஜன்னல்ல உன்னை வெள்ளையா பார்த்தேன். பிரேக் மேல கால் வச்சேன், அழுத்தலே. ராதோம் கீதோம்னு சொன்னதெல்லாம் சும்மா. அப்பா அம்மா போனதுக்கப்புறம் சண்டை போடறதுக்கு எனக்கு நீ ஒருத்திதான் இருந்தே. கிரஜீனா இருக்கா, ஆனா அவகிட்ட என்னிக்கு ஜெயிச்சிருக்கேன்? நீயும் போயிட்டா என்ன பண்ணுவேன்னு பயம். அவ்வளவுதான், வேற காரணமே இல்லே. அந்த பயத்துக்காக உன் கல்யாணத்தையே கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடு, தங்கம்."

தீர்த்தம் தெளித்தார், நெற்றியைத் தடவிக் கண்டுபிடித்துச் சிலுவை போட்டார், பிறகு வாய்விட்டு அழுதார். அக்கார்டியன் பாதியில் நின்றது. கூடத்தில் பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பெண்ணின் அப்பாகூடக் கைக்குட்டையைத் தேடினார். மண்டியிட்டிருந்த பெண் கண்மை வழிய நிமிர்ந்து, லெஷெக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மன்னிச்சுட்டேன் மாமா" என்றாள் விசும்பலோடு. "ஆனா நீங்க யாரு?"

லெஷெக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையில் துடைத்து மாட்டினார். எதிரே இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், மூக்கெல்லாம் புள்ளி. பக்கத்தில் காதில் கடுக்கன் போட்ட மாப்பிள்ளை. வாசற்படியில் சலாட் கிண்ணத்தோடு நின்ற கிரஜீனா, கிண்ணத்தை யாரிடமாவது கொடுக்கலாமா, திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா என்று தெரியாமல் விழித்தாள்.

கிங்காதான் போனை நீட்டினாள். அதில் மிர்காவும் இக்னாத்ஸியும் ஒரு கார் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் இருந்தது. "இவங்கதான் எங்க அத்தை. இங்க ஷ்ரோடால இன்னிக்குக் கல்யாணம்."

பெண்ணின் அப்பா படத்தில் முகங்களைப் பார்க்கவில்லை, நம்பர் பலகையைப் பார்த்தார். "இந்த வண்டி 'பி'ல ஆரம்பிக்குதே. எங்க ஊர் வண்டி 'டி'. உங்களுக்கு எந்த ஷ்ரோடா வேணும்?"

கூடத்தில் யாரோ ஒருவர் அடக்கமுடியாமல் சிரிப்பில் வெடித்தார், அப்புறம் அந்த வீடே வெடித்தது. மாப்பிள்ளை மண்டியிட்ட நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். "எங்க சோபாவே ஒரு வாரம் அந்த ஷ்ரோடால இருந்துட்டுத்தான் வந்துச்சு!" என்றாள் வாசலில் பார்த்த பெரியம்மாள். "நாங்களும் அவங்க வாஷிங் மெஷினை ரெண்டு நாள் வச்சிருந்தோம்!" காலடியில் நொறுங்கிய முட்டை ஓடு மாதிரி லெஷெக் நின்றார். வழியெல்லாம் நம்பர் பலகையைப் பார்த்து ஊர் சொல்லிக்கொண்டே வந்த குடும்பம், அந்த ஒரே ஒரு பலகையை மட்டும் பார்க்கவில்லை.

மணி பதினொன்றேகால். மிர்காவுக்கு போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணப் பெண் எங்கே போனைக் கையில் வைத்திருப்பாள்?

அந்தப் பெண்ணின் பெயர் மார்லேனா. அவள் முக்காட்டைத் தூக்கிக்கொண்டு படிவரை ஓடிவந்து லெஷெக்கை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்க மாமா. இல்லேன்னா எனக்கு இன்னிக்கு ஆடவே ஓடாது." அவள் அப்பா பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் வோட்காவை எடுத்து ஜெனெக் கையில் திணித்தார். கல்யாண ஊர்வலம் போகும் வழியில் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி மறிப்பார்கள், பாட்டில் கொடுத்தால்தான் வழிவிடுவார்கள். அதற்கென்று வாங்கி வைத்ததில் ஒன்று. "போற வழியில யாராவது மறிச்சா குடுங்க. கல்யாண மறியலை முட்டிக்கிட்டுப் போகக் கூடாது, தெரியுமில்ல?"

காரில் லெஷெக் ஏறி உட்கார்ந்தார். "கிங்கா," என்றார் முன்னால் பார்த்தபடியே, "அந்தப் போனைப் போடு."

போனிலிருந்து ஒரு பெண்குரல், இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. "சரிம்மா" என்றார் லெஷெக். முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் இவ்வளவு பணிந்து போனதில்லை என்று கிரஜீனா சொன்னாள், சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நன்றி சம்பந்தியாம்!" என்றாள். பின்னால் போர்வை குலுங்கியது. "நெத்தியைத் தேடினீங்களே மச்சான், முதல்ல மாப்பிள்ளை மூக்குல போட்டீங்க!" கிங்காவுக்கு விக்கல் எடுத்தது. லெஷெக் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார், மூன்றாவது கிலோமீட்டரில் அவரும் சிரித்தார்.

பனி கொட்ட ஆரம்பித்தது. ரவீச் ஊர்ப் பக்கம் முன்னால் பனி வாரும் வண்டி ஒன்று மாட்டுவண்டி வேகத்தில் போனது, முந்த முடியவில்லை. மிர்கா போனை எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு எடுக்கவில்லை, ஒன்றரைக்கு எடுக்கவில்லை. ஒரு ராதோம் வண்டி கடந்து போயிற்று, யாரும் கத்தவில்லை.

"எல்லாத்தையும் அங்கேயே கொட்டிட்டேன்" என்றார் லெஷெக். "மூணு வாரம் சேர்த்தது. இப்ப உள்ள தேடினா ஒரு வார்த்தைகூட இல்லே."

"வார்த்தைக்கா அவ காத்துக்கிட்டிருக்கா? ரோட்டைப் பாரு" என்றாள் கிரஜீனா. அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது.

இரண்டு மணி நாற்பதுக்கு மற்ற ஷ்ரோடாவின் தோட்டத் தெரு ஏழாம் நம்பர் வந்தது. பச்சைக் கிளை வளைவு இருந்தது, ஆட்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரிக்கொண்டிருந்தார். லெஷெக்கின் நம்பர் பலகையைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

"கியெல்ட்ஸே வண்டி. அந்த அண்ணன் நீங்கதானா?"

"நான்தான்."

"ரெண்டரை வரைக்கும் பார்த்துச்சு அந்தப் பொண்ணு. ஜன்னலை விட்டு நகரவே இல்லே. இப்பத்தான் குதிரை வண்டியில கிளம்பிப் போறாங்க, கடைவீதி சுத்தி."

ஜன்னலை விட்டு நகரவே இல்லை. லெஷெக் திரும்பவும் காரில் ஏறினார். ஊர்வலம் கடைவீதி வழியாகச் சுற்றுகிறது என்றால் சர்ச்சுக்கு முன்னால் ஒரு குறுக்குச் சந்து இருந்தாக வேண்டும். அது போனுக்குத் தெரியாது, பஸ்காரனுக்குத் தெரியும். பின்பக்கச் சந்தில் காரை விட்டார், ஒரு குப்பைத் தொட்டியை உரசினார், சர்ச் தெருவில் போய்க் குறுக்கே நிறுத்தினார். தூரத்தில் குதிரை மணி கேட்டது.

"ஜெனெக், கயிறு!"

வண்டி இழுக்கும் மஞ்சள் கயிற்றின் ஒரு முனையைக் காரிலும் மறு முனையை விளக்குக் கம்பத்திலும் கட்டினார்கள். ஜெனெக் காரிலிருந்த மினுங்கும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் சலாட் கிண்ண மூடியைக் கவிழ்த்துக்கொண்டு நடுத்தெருவில் போய்க் கையை உயர்த்தினான். இரண்டு சாம்பல் குதிரைகள் வந்து, கயிற்றைப் பார்த்து, நின்றன.

மாப்பிள்ளைத் தோழன் வண்டியிலிருந்து சிரித்துக்கொண்டே குதித்தான், இரண்டு கையிலும் பாட்டில். "வாங்க வாங்க! மறியல்காரங்களே, எத்தனை வேணும்?"

"ரெண்டு" என்றான் ஜெனெக் யோசிக்காமல்.

"ஒண்ணும் வேண்டாம். நாங்க ஒண்ணு தர்றோம்" என்றார் லெஷெக். "பொண்ணு இறங்கி வரணும்."

மிர்கா வண்டியில் எழுந்து நின்றாள். தோளில் வெள்ளைக் கம்பளி, கீழே உடுப்புக்கடியில் முழங்கால்வரை மீன் தொழிற்சாலை பூட்ஸ். அண்ணனைப் பார்த்தாள். இறங்கினாள். இக்னாத்ஸி உதவக் கை நீட்டினான், அவள் அதைத் தட்டிவிட்டு நேரே நடந்து கயிற்றின் மறுபக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு மணின்னு சொன்னேன்."

"வந்துட்டேன். பதினொரு மணிக்கே ஷ்ரோடால இருந்தேன்" என்றார் லெஷெக். "இன்னொரு ஷ்ரோடால."

மிர்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அங்க ஒரு பொண்ணை ஆசீர்வாதமும் பண்ணிட்டார் அத்தை" என்றாள் கிங்கா. "மன்னிப்பும் கேட்டுட்டார்."

"அவ என்ன சொன்னா?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா" என்றார் லெஷெக்.

"என் சார்பா மன்னிக்க அவ யாரு?" என்று மிர்கா உரக்கக் கேட்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸால் பனியை உதைத்துச் சிரித்தாள். குதிரைக்காரன் சிரித்தான், அவளுடைய விருந்தாளிகள் பின்னால் வந்த கார்களிலிருந்து இறங்கி என்ன விஷயம் என்றே தெரியாமல் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிர்கா சொன்னாள்: "எனக்கும் சொல்லு. முதல்லேருந்து சொல்லு."

லெஷெக் வாயைத் திறந்தார். எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், குனிந்து தங்கையின் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணோரம் சுருக்கம், இடது புருவத்தில் சின்ன வயதில் அவர் எறிந்த கல்லின் வடு.

"நீதானே?" என்றார்.

"நான்தாண்ணே."

"மிர்கா, அன்னிக்கு எட்டாம் நம்பர் பஸ்..."

"தெரியும்" என்றாள் மிர்கா. "மூணு தடவை போச்சு. நான் ஜன்னல்லதானே நின்னேன்."

இருபத்திரண்டு வருஷமாக லெஷெக் தனக்கு மட்டுமே தெரிந்தது என்று நினைத்திருந்த விஷயம் அது.

"மூணாவது தடவை கொஞ்சம் மெதுவா போச்சு. நிறுத்திடுவேன்னு நினைச்சேன்." அவள் கயிற்றின் மேல் கை வைத்தாள். "அன்னிக்கு நிறுத்தாம போனவன் இன்னிக்கு என்னையே நிறுத்திட்டியே!"

"நான் நிறுத்தியிருக்கணும் மிர்கா" என்றார் லெஷெக். மூன்று வாரப் பேச்சில் அவரிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"நிறுத்தியிருக்கணும்" என்றாள் அவள். "சரி, குளிருது. சீக்கிரம் பண்ணு."

கிரஜீனாவும் கிங்காவும் காரிலிருந்து இறகுப் போர்வையை இழுத்தார்கள். அது கதவில் சிக்கி, பிறகு ஒரேயடியாக வெளியே வந்து, கிங்காவைக் கீழே தள்ளிவிட்டுப் பனியில் விரிந்தது. அதன் மேல் மிர்காவும் இக்னாத்ஸியும் மண்டியிட்டார்கள், முழங்கால்வரை உள்ளே போனார்கள். தீர்த்தம் இல்லை. ஜெனெக் வோட்கா பாட்டிலைத் திறந்து நீட்டினான். கிரஜீனா அவன் கையில் ஓர் அடி போட்டாள். லெஷெக் கையுறையைக் கழற்றினார், கொஞ்சம் பனியை எடுத்து உள்ளங்கையில் உருகவிட்டு, அந்த ஈரத்தால் தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டார். நெற்றியை இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு இக்னாத்ஸியின் வழுக்கைத் தலையிலும் கை வைத்தார்.

"நீ எந்த ஊர்?" என்று கேட்டார், கையை எடுக்காமலே.

"ஷ்ரோடாதான் அண்ணே."

"அப்பா எந்த ஊர்?"

இக்னாத்ஸி மிர்காவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா... ராதோம்" என்றான்.

லெஷெக் தலையை மெல்லத் திருப்பி ஜெனெக்கைப் பார்த்தார்.

"இருந்தா ஒரு முட்டை எடு" என்றார்.

அதை அங்கேயே நின்று உரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். சர்ச் மணி மூன்று அடித்தது. மாப்பிள்ளை வாயில் முட்டையோடு எழுந்தான், மிர்கா அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு போர்வைக்குள்ளிருந்து காலை உருவிக்கொண்டாள். லெஷெக் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.